கயிறு கட்டாத பேனா

"பழைய கம்ப்யூட்டர் சமாசாரம் ஏதாவது எழுதிக் கொடுங்க சார். நம்ம செட்டுக்கும் ஞாபகம் வரணும், இப்ப படிக்கிற பசங்களுக்கும் புரியணும்" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். பழைய சமாசாரம் என்றாலே பஞ்ச் கார்டு, ஃபிளாப்பி, ஏ.சி. ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போனது என்று ஆரம்பிப்பது வழக்கம். அதையெல்லாம் பலர் எழுதியாயிற்று. நான் எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன விஷயம். ஈ-மெயிலையும் நியூஸ்குரூப் கடிதங்களையும் எதில் எழுதினார்கள் என்பது.

இன்றைய மாணவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. 'கம்போஸ்' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கிறது, அதில் எழுதி அனுப்புகிறோம். இதில் என்ன சார் சரித்திரம் இருக்கு என்பீர்கள். அந்தப் பெட்டி யாருடையது, அதற்குள் நம் இஷ்டம் எவ்வளவு செல்லும் என்பதில்தான் சரித்திரமே இருக்கிறது.

நம் ஊர் தபாலாபீஸில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பாதி நேரம் மை இருக்காது, கயிறும் நாம் நிற்கிற இடத்துக்கு எட்டாது. ஆனால் அந்தப் பேனாவில்தான் எழுத வேண்டும் என்று எந்த போஸ்ட்மாஸ்டரும் சொன்னதில்லை. வீட்டிலேயே நம் பேனாவால் சாவகாசமாக எழுதிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டால் போதும். ஆரம்பகால மின்னஞ்சலும் இந்தத் தபாலாபீஸ் மாதிரிதான் இருந்தது. கடிதத்தைக் கொண்டுபோவது ஒரு புரோகிராம், எழுதுவது இன்னொரு புரோகிராம். இரண்டும் தனித்தனி என்பதால் கிடைத்த லாபங்கள் ஏராளம்.

1971-ல் அமெரிக்காவில் பி.பி.என். நிறுவனத்தில் ரே டாம்லின்சன், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பி.டி.பி-10 கம்ப்யூட்டர்களுக்கு இடையே நெட்வொர்க் வழியாக முதல் கடிதத்தை அனுப்பினார். ஆள் பெயரையும் கம்ப்யூட்டர் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இந்த அளவுக்கு வினாடி-வினா நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். நமக்கு வேண்டிய கட்டம் 1978-ல் வருகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கர்ட் ஷோன்ஸ் என்பவர் யூனிக்ஸுக்காக 'மெயில்' என்றொரு புரோகிராம் எழுதினார். அதில் கடிதம் எழுதுவது தந்தி கொடுப்பது மாதிரி. ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் அது போனது போனதுதான். மேல் வரியில் ஸ்பெல்லிங் தப்பு கண்ணில் பட்டாலும் கர்சரை அங்கே கொண்டுபோக முடியாது.

ஆனால் ஷோன்ஸ் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். வரியின் ஆரம்பத்தில் டில்டே என்ற அலைக்குறியை அடித்து, ஒட்டினாற்போல் 'வி' எழுத்தைத் தட்டினால், அதுவரை அடித்த கடிதம் அப்படியே ஒரு முழு எடிட்டருக்குள் போய் உட்காரும். உள்ளே நடப்பது ரொம்ப எளிய வேலை. மெயில் புரோகிராம் கடிதத்தை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி வைக்கும். எந்த எடிட்டர் வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறீர்களோ அதைக் கூப்பிட்டு அந்த ஃபைலைக் கையில் கொடுக்கும். பிறகு வாசலிலேயே காத்திருக்கும். நீங்கள் எடிட்டரைவிட்டு வெளியே வந்ததும் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. குறித்து வைக்கிற இடத்துக்குப் பெயரும் 'எடிட்டர்', அல்லது 'விஷுவல்'. லாகின் ஃபைலில் ஒரே ஒரு வரி. பின்னால் வந்த எல்ம், பைன், மட் ஆகிய மெயில் புரோகிராம்களிலும், நியூஸ்குரூப் படிக்க உதவிய புரோகிராம்களிலும் இந்த வசதி ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. வீ-ஐ கட்சி, ஈமாக்ஸ் கட்சி. நம் ஹாஸ்டலில் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று விடிய விடியப் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீ-ஐ 1976-ல் பில் ஜாய் எழுத ஆரம்பித்தது. அவரிடம் இருந்தது ஏ.டி.எம்-3ஏ என்ற டெர்மினல். அதில் எச், ஜே, கே, எல் என்ற நான்கு சாவிகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. கர்சரை நகர்த்த வீ-ஐ-யில் இன்றைக்கும் அந்த நாலு எழுத்துகள் இருப்பதற்கு அதுதான் காரணம். வீட்டிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு திரை வருமா வராதா என்கிற 300 பாட் மோடமில் வேலை பார்த்தவர் அவர். அதனால் வீ-ஐ-யில் எல்லாமே கஞ்சத்தனம். இரண்டு தரம் 'டி' தட்டினால் ஒரு வரி காலி. முன்னால் 40 என்று சேர்த்துக்கொண்டால் நாற்பது வரியும் காலி. இந்த நாற்பது வரி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈமாக்ஸ் வேறு ஜாதி. 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்தது, 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைக் க்னூ ஈமாக்ஸாகப் புதிதாக எழுதி வெளியிட்டார். ஒரு தடவை உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவது என்று இருப்பவர்களுக்கான வீடு அது. மெயில் புரோகிராம் போய் எடிட்டரைக் கூப்பிடும் கதை அங்கே இல்லை. எடிட்டருக்குள்ளேயே மெயில். ஜப்பானின் மசனோபு உமேதா 80-களின் பிற்பகுதியில் நியூஸ்குரூப் படிப்பதற்கு க்னஸ் என்ற ஒன்றை ஈமாக்ஸுக்குள் எழுதினார். 1994-லிருந்து நார்வேயின் லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சென் அதைத் திரும்ப முதலிலிருந்து எழுதினார். அதில் கடிதம் எழுதும் பகுதிக்கு 'மெசேஜ்' என்று பெயர். அதன் அழகு என்னவென்றால், அங்கே கடிதம் என்பது சாதாரண எழுத்து, வேறொன்றும் கிடையாது. யாருக்கு, என்ன விஷயம், எந்தக் குழு என்பதெல்லாம் மேலே நாலைந்து வரிகள். நடுவே ஒரு கோடு. கீழே கடிதம். முகவரி வரியைக்கூட மற்ற வரிகளைப் போலவே வெட்டலாம், ஒட்டலாம். வேலை சம்பந்தமான கடிதத்துக்கு ஒரு கையெழுத்து, அரட்டைக் குழுவுக்கு வேறு கையெழுத்து என்று சட்டம் போட்டு வைக்கலாம். "இன்னார் எழுதுகிறார்" என்று தானாக விழும் மேற்கோள் முன்வரியை நம் பாணிக்கு மாற்றிக்கொள்ளலாம். அனுப்புகிற நேரத்தில் அது பாட்டி மாதிரி குறுக்கே நின்று நாலு கேள்வி கேட்கும். வரி நீளமாக இருக்கிறதே? கையெழுத்து நாலு வரிக்கு மேல் போகிறதே? அடுத்தவர் எழுதியதைத்தான் திருப்பி அனுப்புகிறாய், நீயாக எழுதியது ஒன்றுமே காணோமே, நிஜமாகவே அனுப்பட்டுமா?

இந்தக் கேள்விகள் ஏன் வந்தன என்று புரிய நியூஸ்குரூப் கதை தெரிய வேண்டும். 1979-ல் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் போட்ட திட்டம் அது. பக்கத்தில் இருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் புரோகிராமை எழுதினார், 1980-ல் ஓட ஆரம்பித்தது. யூஸ்நெட் என்று பெயர். (மாணவர்களே, மூன்று பேரும் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்கள். சும்மா ஞாபகப்படுத்தினேன்.) ஊர் நடுவே ஒரு நோட்டீஸ் போர்டு, அதன் பிரதி உலகம் பூராவும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் ஒட்டுகிற ஒவ்வொரு காகிதமும் ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்கு டெலிஃபோன் வழியாக நகல் எடுத்துப் போகும். எஸ்.டி.டி. கட்டணம் மாதிரி அந்த பில்லை வழியில் இருக்கிற ஒவ்வொரு நிறுவனமும் கட்ட வேண்டும். 1984-ல் 'ஆர்என்' என்ற படிப்பானை எழுதிய லாரி வால், அதோடு வந்த கடிதம் அனுப்பும் பகுதியில் ஒரு எச்சரிக்கை வைத்திருந்தார். உன் கடிதம் ஆயிரக்கணக்கான மெஷின்களுக்குப் போகப் போகிறது, நெட்டுக்கு நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில்கூட டாலர் செலவாகும், என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறாயா என்று கேட்கும். புதுசாக வந்த பையன் அதைப் படித்துவிட்டுக் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுவான்.

அந்தச் சிக்கனத்திலிருந்து பிறந்ததுதான் 72. எடிட்டரில் வரிக்கு 72 எழுத்து என்று அமைத்துக்கொள்வது அன்றைய வழக்கம். டெர்மினல் அகலம் 80 எழுத்து. அந்த 80, ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த பஞ்ச் கார்டின் 80 பத்திகளிலிருந்து வந்த சொத்து. சரி, முழுசாக 80-ம் எழுதினால் என்ன? அடுத்தவர் பதில் எழுதும்போது உங்கள் வரியின் முன்னால் > என்ற குறியும் ஒரு இடைவெளியும் சேரும். இரண்டு இடம் போயிற்று. அவருக்கு இன்னொருவர் பதில் எழுதினால் மேலும் இரண்டு. 72-ல் ஆரம்பித்தால் நான்கு சுற்று வாதம் வரைக்கும் வரி உடையாமல் தாங்கும். அதற்கு மேல் நீளும் வாதத்தில் சரக்கு இருக்காது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இந்த > குறியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கடிதத்தை எடிட்டருக்குள் இழுத்தால் அவர் எழுதிய அத்தனை வரியும் > மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒழுங்கான ஆள் என்ன செய்வான்? தனக்குப் பதில் சொல்ல வேண்டிய இரண்டு வரியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவான். அதற்குக் கீழே பதில் எழுதுவான். பிறகு அடுத்த இரண்டு வரி, அதன் கீழே பதில். படிக்கிறவருக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைக் கேட்பது மாதிரி இருக்கும். சோம்பேறியும் இருந்தான். நூறு வரியை அப்படியே விட்டுவிட்டு அடியில் "ரொம்பச் சரி" என்று ஒரு வரி சேர்ப்பான். அந்த நூறு வரிக்கும் உலகம் பூராவும் டெலிஃபோன் பில். இதைத் தடுக்க, கடிதங்களை ஏற்றும் 'ஐநியூஸ்' என்ற புரோகிராமில் ஒரு சட்டம் வந்தது. மேற்கோள் வரிகள் சொந்த வரிகளைவிட ஜாஸ்தியாக இருந்தால் கடிதத்தை வாங்க மாட்டேன் என்று திருப்பிவிடும்.

நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? நம்ம ஆட்கள் என்றால் உலகம் பூராவும் உள்ள இன்ஜினியர்கள். > குறியை எண்ணித்தானே கண்டுபிடிக்கிறாய் என்று எடிட்டரில் ஒரே கட்டளையில் அத்தனை > குறியையும் : ஆக மாற்றி அனுப்பினார்கள். வேறு சிலர் கடிதத்தின் அடியில் அர்த்தமில்லாத வரிகளை நிரப்பி, "இது ஐநியூஸுக்குத் தீனி" என்று எழுதி வைத்தார்கள். அட்டெண்டன்ஸுக்குப் ப்ராக்ஸி கொடுத்த பரம்பரைக்கு இது ஒன்றும் புதிதில்லை.

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் ஒரு சீரியஸான விஷயம் இருக்கிறது. அடுத்தவர் வார்த்தை உங்கள் எடிட்டரில், உங்கள் கத்திரிக்கு எதிரே, ஒரு பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கிறது. "இது தவறு என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒப்பவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் முதல் பாதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரின் கீழே ஒட்டலாம். வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு, மூன்றாம் சுற்றில் > குறிகளை எண்ணத் தவறிச் செய்தவர்களும் உண்டு. அதனால்தான் வெட்டிய இடத்தில் 'வெட்டப்பட்டது' என்று அடையாளம் போடும் பழக்கமும், யார் எழுதியது என்ற முன்வரியைத் தொடாமல் விடும் பழக்கமும் வந்தன. பேரி வார்சா எழுதிய சூப்பர்சைட் என்ற ஈமாக்ஸ் கருவி இன்னும் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு > குறியின் முன்னாலும் எழுதியவரின் பெயரெழுத்தைச் சேர்த்தது. ஐந்து பேர் சண்டை போட்டாலும் எந்த வரி யாருடையது என்று தெரிந்துவிடும். நம் பேச்சு மேடைகளுக்கு இப்படி ஒரு கருவி இருந்தால் எவ்வளவோ வழக்குகள் மிச்சமாகும்.

கையெழுத்துக்கு வருவோம். 'சிக்னேச்சர்' என்ற ஃபைலில் எழுதி வைத்தால் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தானாக ஒட்டிக்கொள்ளும். பெயர், வேலை, பிடித்த பொன்மொழி, கோடுகளால் வரைந்த ஒட்டகம், அம்பு, ஊர் மேப் எல்லாம் அதில் இறங்கின. இரண்டு வரிக் கடிதத்துக்கு இருபது வரிக் கையெழுத்து. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தேட வேண்டியிருக்குமே, அந்த மாதிரி. ஆகவே நாலு வரிதான் மரியாதை என்று ஒரு எல்லை வந்தது. 1995 அக்டோபரில் இன்டெல்லின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற நெட் ஒழுக்க ஆவணத்திலும் அந்த நாலு வரி இருக்கிறது. கையெழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்ட இரண்டு சிறுகோடும், கண்ணுக்கே தெரியாத ஒரு இடைவெளியும் போடுவார்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் எதிர்முனைப் புரோகிராம் அதைக் கையெழுத்து என்று புரிந்துகொண்டு, பதிலில் மேற்கோள் காட்டாமல் தவிர்க்கும். வரிக் கடைசி இடைவெளிகளைச் சுத்தம் செய்யும் எடிட்டர் அமைப்பு வைத்திருந்தவர்களுக்கு இது ஏன் வேலை செய்யவில்லை என்று தலைமுடி உதிர்ந்தது.

நம் நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986-ல் மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு தொடங்கிய எர்நெட்டில் சென்னை ஐ.ஐ.டி. முதல் எட்டு மையங்களில் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக, சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில். அதில் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது 'ஷெல்' கணக்கு. படம் கிடையாது, வெறும் எழுத்து. அதில் பலருக்கும் முதல் எடிட்டர் பைன் புரோகிராமோடு வந்த பைக்கோதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. திரையின் அடியில் இரண்டு வரியில் எந்தச் சாவி என்ன செய்யும் என்று எழுதியே இருக்கும். வீ-ஐ கட்சிக்காரர்கள் அதைக் குழந்தைகள் சைக்கிள் என்று கேலி செய்வார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த சித்தப்பாவுக்கும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

தமிழில் எழுதுவது எப்படி? அங்கேதான் இடித்தது. அன்றைய அஞ்சல் பாதைகள் பல ஏழு பிட் எழுத்தை மட்டுமே பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். எட்டாவது பிட் வழியிலேயே காணாமல் போகும். தமிழ் எழுத்துருக்கள் குடியிருந்ததோ அந்த எட்டாவது பிட் பக்கம். ஆகவே தமிழர்கள் கூடிய நியூஸ்குரூப்பில் தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதினார்கள். ஆங்கிலத்தின் சின்ன எழுத்துக்கு ஒரு ஒலி, பெரிய எழுத்துக்கு வேறு ஒலி என்று வைத்து ன-வையும் ண-வையும், ல-வையும் ள-வையும் பிரித்தார்கள். ழ-வுக்கு இசட்டும் எச்சும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் பள்ளிக்கூடப் பழக்கம் இருந்தால் 'நல்ல' என்பது 'ணல்ல' ஆகிவிடும். யூனிகோட் எல்லா இடத்திலும் புழக்கத்துக்கு வந்த பிறகு இந்த அவஸ்தை ஒழிந்தது. பழைய காலமே பொற்காலம் என்று பேசுபவர்களோடு நான் சேராமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பிறகு என்ன ஆயிற்று? 1992-ல் மைம் முறை வந்து கடிதத்தோடு படமும் ஒலியும் போக வழி செய்தது. 1996 ஜூலை 4-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் உட்கார்ந்து கடிதம் பார்க்கலாம். பெரிய வரம்தான். ஆனால் எழுத வேண்டியது அவர்கள் கொடுக்கும் பெட்டியில். கயிறு கட்டிய பேனா திரும்பி வந்தது. ஜன்னல் திரை மெயில் புரோகிராம்கள் பலவற்றில் பதில் எழுதப் போனால் கர்சர் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். பழைய கடிதம் முழுசாகக் கீழே தொங்கும். நிற்கிற இடத்திலேயே எழுதிவிட்டு அனுப்புவதுதான் சுலபம். வெட்டுவதற்கு மவுஸைப் பிடித்து இழுக்க வேண்டும். இன்று ஆபீஸில் "ஓகே" என்ற ஒற்றை வார்த்தையின் அடியில் பதினேழு கடிதங்கள் வால் பிடித்து வருகின்றனவே, அது இப்படி ஆரம்பித்ததுதான்.

அந்தக் காலத்து ஆட்கள் ஒழுக்கசீலர்கள், பின்னால் வந்தவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று என் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். அன்றைக்கு நாற்பது வரியை வெட்ட நாலு விசை போதும், அதனால் வெட்டினார்கள். பிறகு வெட்டாமல் விடுவது சுலபமாயிற்று, விட்டுவிட்டார்கள். நூற்றுக்கு தொண்ணூறு பேர் கருவி காட்டும் வழியில்தான் நடப்பார்கள். அந்த வழியை யார் போடுகிறார்கள் என்பதுதான் சங்கதி. எடிட்டர் நம் கையில் இருந்தவரை வழியை நாமே போட்டுக்கொள்ள முடிந்தது.

யூஸ்நெட்டின் பழைய கடிதங்களை டெஜாநியூஸ் சேர்த்து வைத்திருந்தது. 2001-ல் கூகுள் அதை வாங்கியது. 1991 ஆகஸ்ட் 25-ல் ஹெல்சிங்கியிலிருந்து லினஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் குழுவில் தான் எழுதிவரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றிப் போட்ட கடிதம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கும் பழைய கடிதங்களில் ஒன்று. வெறும் எழுத்து, வேறு அலங்காரம் கிடையாது. அதனால்தான் எந்த மெஷினிலும் இன்றும் திறக்கிறது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் வழியாக யூஸ்நெட்டில் புதிதாக எழுதுவது நின்றுபோனது, பழையவற்றைத் தேடிப் படிக்கலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தினமும் புழங்கும் கிட், அதே டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. 'கமிட்' கொடுத்ததும் அது ஒரு தற்காலிக ஃபைலை உண்டாக்கி, 'எடிட்டர்' வரியில் நீங்கள் குறித்ததைக் கூப்பிட்டு, வாசலில் காத்திருக்கிறது. 1978-ல் ஷோன்ஸ் செய்த அதே ஏற்பாடு. எதையும் குறித்து வைக்கவில்லை என்றால் பெரும்பாலும் வீ-ஐ திறந்துகொள்ளும், வெளியே வரத் தெரியாமல் முழிப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், வெளியே வருவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். எஸ்கேப் தட்டிவிட்டு, : குறி, பிறகு டபிள்யூ, க்யூ, என்டர்.

கமிட் செய்தியில் முதல் வரி சின்னதாக, அடுத்து ஒரு காலி வரி, அதன் கீழே 72 எழுத்துக்குள் விளக்கம் என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் செய்தி ஒரு ஈ-மெயிலாகப் போக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. முதல் வரிதான் கடிதத்தின் சப்ஜெக்ட். லினக்ஸ் கெர்னலுக்குத் திருத்தங்கள் இன்றும் பிரதானமாக அப்படித்தான் போகின்றன. கடிதமும் புரோகிராம் வரிகளும் ஒரே அஞ்சலில், வெறும் எழுத்தாக. லாரி வால் 1985-ல் எழுதிய 'பேட்ச்' என்ற புரோகிராம், மேலே இருக்கும் கடித வாசகத்தைத் தாண்டிப் போய்த் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைந்ததால் இந்த முறை சாத்தியமாயிற்று. ஜிமெயில் பெட்டியில் ஒட்டி அனுப்பினால் அது டேப்களை இடைவெளியாக மாற்றி, நீளமான வரிகளைத் தன் இஷ்டத்துக்கு மடித்துவிடும். திருத்தம் பொருந்தாது. அந்த வழியாக அனுப்பாதீர்கள் என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. மட் மூலமாகவும், பைனின் வாரிசான ஆல்பைன் மூலமாகவும் அனுப்பும் முறைகளும் அதே பக்கத்தில் இருக்கின்றன.